பிள்ளை தேறுவாளா, மாஸ்டர்?

நாச்சியாபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலுக்கே தெரு வெறிச்சோடிவிடும். இரண்டு பக்கமும் பெரிய வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால்தான் கதவு திறக்கும். தெரு முடிகிற இடத்தில் ஓர் ஓட்டு வீடு. அதன் திண்ணையில் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார்.

ஊருக்கே அவர் ‘டிரில் மாஸ்டர்’. வயது 71. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் படித்தவர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் ஆரம்பித்த கல்லூரி அது. படிப்பை முடித்துவிட்டு, இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 30 வருடத்துக்கு மேல் விசில் ஊதினார். இன்றைக்கும் அவரைக் கண்டால் பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடக்கும்.

அன்றைக்கு அவரைத் தேடி வந்தவர் ஒரு தாய். காரைக்குடியில் ஓர் ஆச்சி நடத்தும் பலகாரக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு கையில் தேன்குழல் பொட்டலம், இன்னொரு கையில் செல்போன்.

“மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் பிள்ளை தேறுவாளா?”

மகளுக்கு 20 வயது. சென்னையில் ஒரு கல்லூரியில், விளையாட்டுக் கோட்டாவில் பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஆட்டம் கூடைப்பந்து. உயரம் ஐந்தடி பத்து அங்குலம். நாச்சியாபுரத்தில் அவ்வளவு உயரமான பெண் வேறு யாரும் கிடையாது. கல்லூரி அணியிலும் அவள்தான் உயரம்.

அந்தத் தாய்க்கு மூன்று பக்கமும் நெருக்கடி. தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. “தையில முடிச்சிரலாம்னு சொல்றாக.” இன்னொரு பக்கம், யாரோ ஓர் ஏஜென்ட் மகளுக்குப் போன் செய்திருக்கிறார். இரண்டு லட்சம் கட்டினால் வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுவதாகப் பேச்சு. சீட்டு எடுத்த பணம் சரியாக அவ்வளவுதான் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது, மகளே சொன்ன வார்த்தை: “அம்மா, நான் இதுலயே போறேன். வேற எதுவும் எனக்கு வராது.”

போனில் ஒரு வீடியோவைக் காட்டினார் தாய். நாற்பது நொடி. பின்னணியில் சினிமாப் பாட்டு. அந்தப் பெண் ஓடுகிறாள், எம்பிக் குதிக்கிறாள், எதிராளி போட்ட பந்தைக் காற்றிலேயே தட்டிவிடுகிறாள். ரிங்குக்கு ஒரு சாண் கீழே வரை கை போகிறது. ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். பெண்களுக்கும் அதே உயரம்தான். ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் எம்புவது சாதாரணம் இல்லை.

மாஸ்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு வாரம் டைம் குடு தாயி. பிள்ளைக்கிட்ட சொல்லி முழு மேட்ச் நாலு அனுப்பச் சொல்லு. அதுல ரெண்டு, தோத்த மேட்ச்சா இருக்கணும்.”

தாய்க்கு அது புரியவில்லை. தோற்ற ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

நாற்பது நொடியும் நாற்பது நிமிடமும்

கூடைப்பந்து ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நாலு பகுதி. மொத்தம் 40 நிமிடம். ரீல்ஸில் வருவது அதில் 40 நொடி. மற்ற நேரத்தில் ஓர் ஆட்டக்காரி என்ன செய்கிறாள் என்பதை எந்த ரீல்ஸும் காட்டாது. அவளுக்குப் பிழைப்புக் கிடைக்குமா என்பதைச் சொல்வது அந்த மீதி நேரம்தான்.

மருமகளின் பெரிய போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் மாஸ்டர். நாலு ஆட்டத்தையும் பார்த்து முடிக்க நாலு நாள் ஆனது. பந்து போகிற திசையில் அவர் பார்வை போகவே இல்லை. அந்தப் பெண்ணின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் எழுதியது இடம் பற்றி. கல்லூரி அணியில் அவள்தான் உயரம் என்பதால், ரிங்குக்குக் கீழே நிற்கும் சென்டர் இடத்தில் ஆடவைக்கிறார்கள். அங்கே அவளுக்கு ஈடு இல்லை. ஆனால், தேசிய அளவில் அந்த இடத்தில் நிற்கிற பெண்கள் ஆறடியைத் தாண்டியவர்கள். அங்கே போனால் ஐந்தடி பத்து என்பது உள்ளே நிற்கிற உயரம் இல்லை, வெளியே ஆடுகிற உயரம். வெளியே ஆட வேண்டுமானால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும், இரண்டு கையாலும். 6.75 மீட்டர் தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று பாயின்ட் போட வேண்டும். நாலு ஆட்டத்திலும் அவள் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு தடவைதான் போட்டாள். அது போர்டில்கூடப் படவில்லை.

கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோடுகிறவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். உள்ளூரில் ஒருவரின் உயரம் செய்கிற வேலையை, மேலே போனால் அந்த உயரம் செய்யாது. அப்போது கையில் வேறு தொழில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்க மாட்டார்கள். போர்டிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி நின்று நிதானமாகப் போடலாம். எம்பும் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. கையும் மனசும் மட்டும்தான். ஒருத்தி பின்னால் நல்ல ஷூட்டராக வருவாளா என்று தெரிந்துகொள்ள, மூன்று பாயின்ட்டைவிட ஃப்ரீ த்ரோவைத்தான் அனுபவசாலிகள் அதிகம் நம்புகிறார்கள். இந்தப் பெண் பத்துக்கு ஐந்து போட்டாள். கடைசிப் பகுதியில் அதுவும் குறைந்தது.

மூன்றாவது, இறங்குவது. எம்புவதை எல்லோரும் பார்ப்பார்கள். மாஸ்டர் இறங்குவதைப் பார்த்தார். ஒவ்வொரு தடவை தரையில் கால் ஊன்றும்போதும் அவளுடைய இடது முழங்கால் கொஞ்சம் உள்பக்கமாக மடங்கியது. முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார் கிழிவது இப்படித்தான் நடக்கும். ஆண்களைவிட விளையாட்டுப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றி, இறங்கும் விதத்தைப் பழக்கினால் குறைக்கலாம். பழக்காவிட்டால் எவ்வளவு உயரம் எம்பினாலும் அது ஒரு நாளைக்கு வினைதான்.

நாலாவதை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். தோற்ற ஆட்டம் ஒன்றில், மூன்று நிமிடம் இருக்கும்போது அணி 14 பாயின்ட் பின்னால் இருந்தது. கூட ஆடுகிற பெண்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் பந்து கைமாறியவுடன் திரும்பி ஓடி, தன் ரிங்குக்குக் கீழே போய் நின்று, கையை விரித்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதை யாரும் ரீல்ஸில் போடவில்லை. அவளே போடவில்லை.

பெரிய ஊர்க்காரர்களும் ஏமாறுகிறார்கள்

எடைபோடும் கலையில் உலகத்திலேயே அதிகம் செலவு செய்கிறவர்கள் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள். ஷூ இல்லாமல் உயரம், விரித்த கையின் நீளம், நின்ற இடத்திலிருந்து எம்புவது, ஓடிவந்து எம்புவது, பக்கவாட்டில் கால் மாற்றும் வேகம் என்று எல்லாவற்றையும் அளந்துதான் எடுக்கிறார்கள். அப்படியும் 2014-ல் செர்பியாவின் நிகோலா யோகிச்சை 41-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்க டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிதாக எம்பத் தெரியாதவர், வேகமும் கிடையாது. ஆனால், பந்து எங்கே போக வேண்டும் என்பது மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். 2021, 2022, 2024 என்று மூன்று முறை அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே என்ற சின்ன கிராமத்துப் பையன் சத்னம் சிங். ஏழடி இரண்டு அங்குலம். லூதியானா அகாடமியில் பயின்று, 2010-ல் 14 வயதில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ.வுக்குத் தேர்வானது அதுவே முதல் முறை. நாடே கொண்டாடியது. ஆனால், என்.பி.ஏ.வின் பிரதான சீசனில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அடுத்தபடி லீக்கில் ஆடினார், இந்தியா திரும்பினார், பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவரிடம் முயற்சி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த உயரத்துக்கு மேலே இன்னும் வேகமான கால்களை அந்த ஆட்டம் கேட்டது.

அமெரிக்காவிலேயே கல்லூரி ஆட்டத்தை முடித்து வெளியே வருகிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரைத்தான் என்.பி.ஏ. அணிகள் தேர்ந்தெடுக்கின்றன. பெண்களுக்கு வாசல் இன்னும் குறுகல். அவர்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2024 வரை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். உலகம் முழுவதற்கும் சேர்த்து 144 நாற்காலி.

அந்த வாசல் வரை போய்வந்த ஓர் இந்தியப் பெண் உண்டு. கேரளாவின் கோட்டயம் மாவட்டத்துக்காரர் கீது அன்னா ஜோஸ். ஆறடி இரண்டு அங்குலம். சங்கனாச்சேரியில் கல்லூரிப் படிப்பு, பிறகு சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை. ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் ஆன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரை அழைத்து ஆடவைத்துப் பார்த்தன. ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. இந்தியாவின் மிகச் சிறந்த வீராங்கனைக்கே அப்படி. ஆனால், அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. ரயில்வே வேலை இருந்தது, இந்திய அணி இருந்தது, 2014-ல் அர்ஜுனா விருது வந்தது.

நம் ஊரில் ‘புரொஃபஷனல்’ என்ற வார்த்தைக்குப் பெரும்பாலும் அர்த்தம் அதுதான். வங்கி, ரயில்வே, மின்வாரியம், காவல்துறை, வருமான வரித்துறை என்று ஏதோ ஒன்றின் அணியில் ஆடுவது. சம்பளம் ஆபீஸில், ஆட்டம் கோர்ட்டில். சென்னைப் பெண்ணான அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேக்காரர்தான். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப்களில் இந்தியாவுக்கு ஆடியவர். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ரயில்வேயின் விளையாட்டுக் கோட்டா தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். டிரையல்ஸில் ஆடிக் காட்டுவதற்கு 40. மாநிலம், தேசம், பல்கலைக்கழகம் என்று எந்த அளவில் ஆடி என்ன வாங்கினார் என்பதற்கு 50. படிப்புக்கு 10. டிரையல்ஸில் 40-க்கு 25 எடுக்காவிட்டால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள். வயது 18-லிருந்து 25-க்குள் இருக்க வேண்டும். பழைய கோப்பைகள் உதவாது. அண்மை ஆண்டுகளில் வாங்கியதுதான் கணக்கு.

மாஸ்டர் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எம்பிக் குதிக்கிற வீடியோவுக்கு இந்த நூறில் எத்தனை மதிப்பெண் என்று யோசித்தார். நாற்பதில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

காசு வாங்காத டீ

எல்லாம் எழுதிய பிறகும், என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காரணம், முன்பு ஒரு தடவை அவர் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் பள்ளியில் ஒரு பையன். ஆறடி மூன்று அங்குலம். ஓடினால் மான், எம்பினால் ஆகாயம். அவனுடைய அப்பா, கொத்து வேலைக்காரர், இதே கேள்வியைத்தான் கேட்டார். “இவன் இந்தியாவுக்கு ஆடுவான்யா. எழுதி வெச்சுக்கங்க” என்று சொன்னார் மாஸ்டர். பெருமையில் சொன்ன வார்த்தை. பையன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கல்லூரியில் சேர்ந்தான், பரீட்சைக்குப் போவதை விட்டான், மைதானமே கதி என்று கிடந்தான். 21 வயதில் முழங்கால் போனது. டிகிரியும் இல்லை, ஆட்டமும் இல்லை.

இப்போது அவர் திருப்பத்தூர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். மாஸ்டர் அந்தப் பக்கம் போனால் ஓடிவந்து பெஞ்சைத் துடைத்துப் போடுவார். டீக்குக் காசு வாங்க மாட்டார். 25 வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு நாள்கூட “நீங்கதானே சொன்னீங்க” என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டிருந்தால் மாஸ்டருக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை மாஸ்டர் அந்தக் கடைக்குப் போனார். நோட்டையும் எடுத்துப் போனார். பெண்ணைப் பற்றிச் சொன்னார். டீக்கடைக்காரர் தன் போனிலேயே ஓர் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லா ஆடுது மாஸ்டர். முட்டியைப் பாத்துக்கணும்.”

“என்ன சொல்லட்டும் அவுக அம்மாகிட்ட? உன் விஷயத்துல சொன்ன மாதிரி சொல்லிட்டு, இன்னொரு இடத்துல ஓசி டீ குடிக்க என்னால ஆகாது.”

டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சொன்னது தப்பில்ல மாஸ்டர். அப்ப நானும் நல்லாத்தான் ஆடினேன். ஆடுவேன்னு சொன்னீங்க. எத்தனை நாளைக்குப் பாக்கணும், எங்க நிறுத்தணும்னு சொல்லல. அதை யாருமே சொல்லல.”

வீடு திரும்பும் பஸ்ஸில் மாஸ்டருக்கு அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆளை எடைபோடுவது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், சின்னப் பையனாகக் கடைக்குப் போகிறவன் முதலில் பெட்டியடியில்தான் உட்காருவான். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். கப்பல் ஏறும்போதே ‘இவன் பெரிய ஆளா வருவான்’ என்று யாரும் முத்திரை குத்தி அனுப்பவில்லை. மூன்று வருடக் கணக்கு பேசித்தான் அனுப்பினார்கள். கணக்கு முடிந்து ஊர் திரும்பியபின் பேரேட்டைப் பார்த்து அடுத்த பேச்சு. பையனுக்கும் அது தெரியும், பெற்றவர்களுக்கும் தெரியும். திறமையோடு சேர்த்துத் தவணையையும் பேசினார்கள். மாஸ்டர் தன் மாணவனுக்குச் செய்யாமல் விட்டது அதைத்தான்.

“உனக்கு எது வராது?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் காரைக்குடி, அங்கிருந்து டவுன் பஸ். திண்ணையின் ஓரத்தில் கால் மடக்கி உட்கார இடம் போதவில்லை. அம்மா பக்கத்தில் நின்றார்.

மாஸ்டர் நோட்டைத் திறக்கவில்லை. “உனக்கு என்ன வரும்னு எல்லாருக்கும் தெரியும் ஆத்தா. எது வராதுன்னு நீ சொல்லு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இடது கையில டிரிபிள் வராது மாஸ்டர். வெளிய இருந்து ஷூட் வராது. ஃப்ரீ த்ரோ, பிராக்டீஸ்ல போடுவேன், மேட்ச்ல கை நடுங்கும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “முட்டி வலிக்குது. கோச்கிட்ட சொன்னா உக்கார வெச்சுருவாங்கன்னு சொல்லல.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்டர் அப்போதுதான் நோட்டைத் திறந்து காட்டினார். அவள் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. கூடுதலாக ஒன்று இருந்தது, கீழே இரண்டு கோட்டோடு. அதைப் படித்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். ‘தோற்கும்போதும் திரும்பி ஓடுகிறாள்.’

பிறகு மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார், அம்மாவுக்கும் விளங்குகிற மாதிரி.

ஏஜென்ட் விஷயம் முதலில். “ஆடுறவளுக்கு கிளப்தான் காசு குடுக்கணும். ஆடுறவகிட்ட காசு கேக்குறவன் கிளப்காரன் இல்ல. அந்த ரெண்டு லட்சத்தைத் தொடாத தாயி.”

வெளிநாட்டு லீக் நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். கீதுவுக்கே கதவு திறக்கவில்லை என்பதையும் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

“ரயில்வே, பேங்க், போலீஸ் டீம்... அது முடியும். இன்னிக்கு இருக்கிற ஆட்டத்துக்கு முடியாது. உள்ள ஆடுறதை விட்டு வெளிய ஆடக் கத்துக்கிட்டா முடியும். அதுக்கு ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாளும் வேண்டாம்.”

ரெண்டு வருடத்துக்குள் நடக்க வேண்டியதை அவர் வரிசையாகச் சொல்ல, அவளே எழுதிக்கொண்டாள். இந்த வாரமே முட்டியை டாக்டரிடம் காட்டுவது, கோச்சிடம் மறைக்காமல் சொல்வது. தினமும் 100 ஃப்ரீ த்ரோ, களைத்துப்போன பிறகு. பத்துக்கு எட்டு விழ வேண்டும். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு கோர்ட்டின் 28 மீட்டரையும் கடக்க வேண்டும். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் பெயர் சொல்லும்படி ஆட வேண்டும். முதல் வருடம் முடிவதற்குள் மாநில சீனியர் அணி செலக்‌ஷனுக்குக் கூப்பிடப்பட வேண்டும். இரண்டாவது வருடம் முடிவதற்குள் அந்த 12 பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும். பி.காமில் ஒரு பேப்பர்கூட நிற்கக் கூடாது. “அந்த பத்து மார்க், அது மட்டும் உன் கையில இருக்கு. யாரும் டிஃபென்ஸ் பண்ண மாட்டாக.”

“பன்னிரண்டு பேர்ல வரலேன்னா?” என்று கேட்டாள்.

“நிறுத்திரு. அழாம நிறுத்திரு. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்துல உடற்கல்வியியல் கல்லூரி இருக்கு. டிகிரி கையில இருந்தா அங்க சேரலாம். என்னைய மாதிரி விசில் ஊதலாம். அதுவும் இதே கோர்ட்தான். தோத்துட்டோம்னு யாரும் சொல்ல மாட்டாக. நீயும் சொல்லக் கூடாது.”

அவள் பதில் சொல்லவில்லை. அந்த ‘நிறுத்திரு’ அவளுக்குள் இறங்க நேரம் ஆனது. இருபது வயதில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்பது சுலபம் இல்லை. கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டு, பேனாவை மறுபடி எடுத்து, கடைசி வரியாக அதையும் எழுதினாள்.

அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. “மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்றது மாஸ்டர்?”

“அது உங்க வீட்டு விஷயம் தாயி. நான் ஆட்டத்தைப் பத்தி மட்டும்தான் சொல்ல முடியும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார் தாய். “அதிரசத்துக்குப் பாகு காச்சி மாவைக் கிளறி வெச்சா, மறுநாளே சுட மாட்டோம். சுட்டா பிஞ்சு போகும். நாள் விடணும். ரொம்ப நாள் விட்டாலும் கெட்டுப்போகும். ரெண்டு வருஷம்னு சொல்றேன். காத்திருந்தா காத்திருக்கட்டும், இல்லாட்டி அவுக பாட்டைப் பாக்கட்டும்.”

மாஸ்டர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். மேலே பிள்ளையார் சுழி போட்டார். அன்றைய தேதியை எழுதினார். கீழே இரண்டு வருடம் கழித்து வருகிற தேதியை எழுதினார். அந்தப் பெண்ணைக் கையெழுத்துப் போடச் சொன்னார், அம்மாவையும் போடச் சொன்னார். கடைசியில் தானும் போட்டார்.

“நீங்க எதுக்கு மாஸ்டர்?” என்றாள் அந்தப் பெண்.

“சொன்னது தப்பாப் போனா என் கணக்குலயும் எழுதணும்ல.”

சாயங்காலம் வெயில் இறங்கியபின் மூவரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார்கள். ரிங் துருப்பிடித்திருந்தது, வலை இல்லை. பத்து ரவுண்டு ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே அவளைக் கோட்டில் நிறுத்தினார் மாஸ்டர். பத்து ஃப்ரீ த்ரோ. முதல் இரண்டும் வெளியே போயின. மூன்றாவது விழுந்தது. மாஸ்டர் எண்ணத் தொடங்கினார். ஐந்தாவது பந்திலிருந்து அம்மாவும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தாயி?”

“ஆறு.”

நோட்டில் தேதி போட்டு, பத்துக்கு ஆறு என்று எழுதிக்கொண்டார் மாஸ்டர்.